அந்தக் கூலி வரி

"அந்தக் கூலி வரிய எடுத்துட்டீங்களா மேடம்?" என்று எங்கள் களப்பணியாளர் அக்கா கேட்டார், நிதி விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலில் இருந்த ஒரு வரியைப் பற்றி. "ஆமாங்கா, வரம்புக்குள்ள வரல" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. அவ்வளவுதான் பேச்சு. நான்கு வருடமாக அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு யார் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்பதுதான் நாங்கள் நிதி கேட்ட ஆய்வு. தேவையான கேள்வி என்று இன்றும் நம்புகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், இந்தியா முழுக்க 1.9. உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்திருக்கும் இலக்கு 70 சதவீதம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வை எங்கள் துறையில் மேற்கோள் காட்டாதவர்கள் குறைவு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கிற எளிய முறை. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. அதிலும் தகுதியுள்ள 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர். வராமல் போன அந்த 18,000 பேரை வைத்துத்தான் என் விண்ணப்பத்தின் முதல் பத்தியையே எழுதினேன்.

அந்தக் கூலி வரி இதுதான்: பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் கூலிக்கு ஈடாக 300 ரூபாய். அக்கா சொல்லித்தான் அதைச் சேர்த்திருந்தேன். எடுத்ததற்குக் காரணம் பயம். அதற்கு முந்தைய விண்ணப்பத்தில் இதே போன்ற ஒரு வரியைச் சுட்டி, "பணம் காட்டி ஆள் சேர்ப்பதாகும்" என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். நிதி கிடைக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்ட இடம் தருகின்றன. ஆசை காட்டுவதாக இருக்கக் கூடாது, அவ்வளவே. அது எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை இணைத்து வாதாடியிருக்கலாம்.

வரம்புக்குள் வரவில்லை என்றதும் பொய்யில்லை. கூலியை வைத்திருந்தால் களப்பணியாளர் சம்பளத்தில் ஆறு மாதம் குறைந்திருக்கும். அது அக்காவின் சம்பளம். இதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவரே எடுக்கச் சொல்லியிருப்பார் என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அதே தாளில் என் மாநாட்டுப் பயணத்துக்கும் ஒரு தொகை இருந்தது. அதில் நான் கை வைக்கவில்லை. அது தனித் தலைப்பு, மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்ளலாம்தான். அனுப்புவதற்கு முன்பு எந்தத் தலைப்பைத்தான் மாற்ற முடியாது?

நிதி கிடைத்தது. நர்ஸ் கிடைத்த செவ்வாய், வியாழனில் முகாம் போட்டோம். சுயஉதவிக் குழுத் தலைவிகள் வந்தார்கள், அங்கன்வாடி ஊழியர்கள் வந்தார்கள், வீட்டில் மாதச் சம்பளம் வருகிறவர்கள் வந்தார்கள். கூலிக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. அக்காவின் நோட்டில் வராதவர்கள் பெயருக்கு எதிரே ஒற்றைச் சொல்லில் காரணம் இருக்கும்: நடவு. களை. நூறு நாள் வேலை. யாரைப் பற்றி எழுதி நிதி வாங்கினோமோ அவர்கள் எங்கள் கணக்கில் வரவில்லை. கட்டுரையில் வரம்புகள் என்ற பகுதியில் அதை ஒரு வாக்கியத்தில் எழுதினேன்.

வந்தவர்களில் சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தது, சிகிச்சையும் கிடைத்தது. விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தால் அவர்களைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம். இதை நினைக்கும்போது நான் செய்தது சரி என்றே படுகிறது. அடுத்து அந்த நோட்டு நினைவுக்கு வருகிறது.

இப்போது வேறொரு அமைப்பு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. கூலி வரியை முதலில் எழுதிவிட்டு, தொகை போடாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். ஆய்வு முடிந்ததோடு அவர் வேலையும் முடிந்துபோயிருந்தது. இப்போது என்ன கூலி என்று கேட்டேன். சம்பள விஷயத்தை அன்றாவது சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

"நடவுக்கு ஒண்ணு, களைக்கு ஒண்ணு மேடம்" என்றார். "நீங்க எதப் போடப்போறீங்க?"