புளி போட்டுத் தேய்த்த ஸ்பின்னர்

கீழக்கரையில் ஒரு வீட்டு முற்றத்தில் பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் "எம்.ஜி.ஆர். ஓட்டின வண்டியா?" என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான வண்டி. நான்கு சக்கரமும் கம்பிச் சக்கரம். ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு காது வைத்த குரோம் ஸ்பின்னர். நாலைந்து நட்டுக்குப் பதில் அந்த ஒற்றை நட்டுதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

கல்யாண போட்டோவுக்காக வண்டி தனுஷ்கோடிக் கடற்கரையில் அரிச்சல்முனை வரை போய் வந்தது. வந்து இரண்டு நாள் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் பார்த்தால் கம்பியெல்லாம் சாம்பார் நிறம், ஸ்பின்னரில் புள்ளி புள்ளியாகக் கொப்புளம். வீட்டு உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பித்தளைச் சாமான் துலக்குகிற மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டு ஒரு பிடி பிடித்துவிட்டார்கள். பிறகு உச்சிப்புளியிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் தம்பி, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கடைசியில், அண்ணனைக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னான்: "காக்கா, வெள்ளி ஸ்பின்னர் தங்கமாயிருச்சு."

அது தங்கமில்லை, அடியிலிருந்த பித்தளை. குரோம் என்று நாம் பார்ப்பது அரை மைக்ரான்கூடத் தேறாத தோல் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). உப்பைத் தாங்குவது அதற்குக் கீழே சுமார் 30 மைக்ரான் இருக்கும் நிக்கல். நிக்கலில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் உப்புநீர் அதன் வழியே இறங்கி, தோலை அடியிலிருந்து உரித்துத் தூக்கும். அந்தக் கொப்புளத்தைத்தான் செங்கல் பொடி பெயர்த்துவிட்டது. வெளியே வந்த பித்தளையைப் புளி பளிச்சென்று ஆக்கிவிட்டது. உம்மா மேல் குற்றமே கிடையாது. பித்தளைக்குச் செய்ய வேண்டியதைப் பித்தளைக்குச் செய்தார்கள்.

எல்லா ஸ்பின்னரும் பித்தளை அல்ல, எஃகில் செய்ததும் உண்டு. காந்தம் வைத்துப் பாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் எஃகு, ஒட்டியும் ஒட்டாமலும் வழுக்கினால் நிக்கலுக்குக் கீழே பித்தளை. எஃகில் வெறும் துருப்புள்ளி மட்டும் என்றால் பட்டறைக்குப் போகவே வேண்டாம். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் புள்ளி போய்விடும். அலுமினியம் குரோமை விட மெத்தென்றது, கீறாது. அப்புறம் மெழுகு. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மட்டும் அந்தப் பக்கம் வரவே கூடாது.

கழுவுவதில் ஒரு கூத்து உண்டு. துரு பயத்தில் தினமும் போர் தண்ணீரில் கழுவுவார்கள். நம் ஊர் போர் தண்ணீர் பல இடத்தில் உவர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர்! காய்ந்த பின் மிஞ்சும் உப்புப் படலம், காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கரையும். மழையே வேண்டாம், ராத்திரிக் காற்று போதும். எதில் கழுவினாலும் கடைசி அலசல் கேன் தண்ணீரிலோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலோ இருக்கட்டும். சக்கரத்துக்கு ஒரு லிட்டர் போதும். உடனே துணியால் துடைத்து, வெயிலில் நிறுத்திவிட வேண்டும்.

தோல் உரிந்த ஸ்பின்னருக்கு மறுமுலாம்தான் வழி. பட்டறையில் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கறாராகச் சொல்லியாக வேண்டும். முதலில், காதுக்குப் பக்கத்தில் 'அன்டூ' (கழற்று) என்ற ஆங்கில எழுத்தும் அம்புக்குறியும் இருக்கும். மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் ஆர்வமாகப் பிடித்தால் அது மழுங்கிப் போகும். பளபளப்பு எவ்வளவு கூடுகிறதோ, எழுத்து அவ்வளவு குறையும். அடுத்தது, மரையிலும் சக்கரத்தில் பதியும் கூம்பு முகத்திலும் முலாம் ஏறக் கூடாது, மறைத்துவிட்டு முக்கச் சொல்ல வேண்டும். மரையில் ஏறினால் பாதியில் இறுகி நிற்கும். கூம்பில் ஏறினால் ஓட்டத்தில் உரிந்து நட்டு தளரும், இது உயிர் விஷயம். மூன்றாவது, இடது வலது. இடப்பக்க ஸ்பின்னருக்குச் சாதாரண மரை, வலப்பக்கத்துக்கு எதிர்மரை. கம்பியில் தகடு கோத்து அடையாளம் கட்டித்தான் அனுப்ப வேண்டும். மாற்றி வைத்து, "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று சுத்தியலால் சம்மதிக்க வைத்தால், சக்கரம் மாட்டும் ஹப்பின் மரை காலி.

எழுத்து அழிந்தே போனாலும் கணக்கு எளிது. சக்கரம் முன்னால் உருளும் திசையில் அடித்தால் கழலும், பின்பக்கம் அடித்தால் இறுகும். இரண்டு பக்கத்துக்கும் அதேதான். அடிக்கத் தாமிரச் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்தால் முதல் அடியிலேயே காது நசுங்கும், புது குரோம் செதில் செதிலாகக் கிளம்பும். மாட்டியபின் 50, 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை தட்டிப் பார்ப்பது கட்டாயம்.

கம்பிகளின் கதை வேறு. "அதையும் குரோம் போட்ருவோமா காக்கா?" என்றான் தம்பி. அந்தக் காரோடு சாதாரணமாக வந்த 60 கம்பிச் சக்கரத்துக்குக் கம்பெனி கொடுத்தது வெள்ளிநிறப் பெயின்ட்தான். குரோம் கம்பி தனிக்காசு கொடுத்து வாங்கியது. ஒரிஜினல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரிஜினலில் இல்லாத மினுக்கைக் கேட்பது இந்த வேலையில் தீராத வியாதி. நம் கரையில் குரோம் கம்பி என்பது துருவுக்கு வைக்கும் விருந்தும்கூட. ஆசிடில் முக்கித் துரு எடுப்பதும் ஆபத்து. இழுத்து முறுக்கேற்றிய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால், பார்வைக்குப் புதுசாக இருக்கும் கம்பி ஒரு பள்ளத்தில் பட்டென்று ஒடியும்.

டயர், ட்யூப் எல்லாம் கழற்றி, நடுவில் ஹப்போடு கோத்துக்கொள்ளும் பல்வரிசையை அடைத்துவிட்டு, மணல் வீச்சில் துருவை எடுக்க வேண்டும். அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே, எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு. ராத்திரி விட்டுவைத்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதனால் காலை 11 மணிக்கு மேல்தான் பெயின்ட் துப்பாக்கியைத் தொட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். மெல்லிசாக இரண்டு பிரைமர், இரண்டு வெள்ளி. பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் பலமாச்சே என்பார்கள். அது தடிமனாக ஏறி, கம்பியை இறுக்கும் குட்டி நட்டான நிப்பிளை அப்பிக்கொள்ளும், பிறகு கம்பி முறுக்கிக் கோட்டம் எடுக்க முடியாது. பல்வரிசையில் பெயின்ட் கிடையாது, மெல்லிய கிரீஸ் மட்டும்.

போட்டோவுக்கு வந்த இன்னொரு வண்டி பழைய போர்ஷே 911. அதன் ஃபூக்ஸ் என்ற வகைச் சக்கரம் அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் மேலே ஆக்சைடுத் தோல் ஏற்றிய அலுமினியம். லாட்ஜ் பையன் பாத்ரூம் ஆசிடை ஊற்றி நல்லெண்ணத்தோடு கழுவியதில் அந்தத் தோல் போய் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. அதை மறுபடி அனோடைஸ்தான் செய்ய வேண்டும். பாலிஷ் போட்டால் மாதாமாதம் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

எம்.ஜி.பி. சக்கரம் முடிந்து மாட்டிய அன்று, எதிர்வீட்டு மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னப்பா, பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு?"

"பெயின்ட்தான் மாமா."

முலாம் போட்டு மதுரைப் பட்டறையிலிருந்து வந்த ஸ்பின்னரில் எழுத்து, அம்பு எல்லாம் பத்திரம். உம்மாவை இனி வண்டிப் பக்கம் புளியோடு வரக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அவர்களும் வரவில்லை. திண்ணையில் கறுத்துக் கிடந்த தாமிரச் சுத்தியலைத்தான் எடுத்துப்போயிருக்கிறார்கள். இப்போது அந்த வண்டிச் சாமான்களிலேயே கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னுவது அந்தச் சுத்தியல் ஒன்றுதான்.