கடைசி அவுட் நம் ஆள்தான்

பேஸ்பால் ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி ஸ்ட்ரைக், அவுட். நம் பேட்டர் தலையைக் குனிந்தபடி டக்அவுட்டுக்கு நடக்கிறார். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் எதிரணி கேட்சர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடிப்போய், நம் மைதானத்தின் நடுவிலேயே பந்து வீசிய பிட்சரைக் கட்டிப்பிடிக்கிறார்.

பேஸ்பாலில் சொந்த மைதானத் தோல்வி இப்படித்தான் முடியும்.

ஒவ்வொரு இன்னிங்ஸிலும் உள்ளூர் அணிதான் இரண்டாவதாக பேட் செய்யும். முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவதின் பின்பாதி ஆடப்படுவதே இல்லை, எட்டரை இன்னிங்ஸில் சந்தோஷமாகக் கிளம்பலாம். தோற்கும்போதுதான் முழுசாக உட்கார வேண்டும். மழை வந்து நிறுத்தினால் ஒழிய, கடைசி அவுட் நம் ஆள்தான்.

2024-இல் அமெரிக்காவின் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 162 ஆட்டங்களில் 121-ஐத் தோற்றது. சொந்த மைதானத்தில் மட்டும் 81-க்கு 58. அந்தக் கணக்குப்படி, ஏதோ ஐந்து ஆட்டங்களுக்கு டிக்கெட் எடுத்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் ஐந்திலும் தோல்வியைத்தான் பார்த்திருப்பார். அவரைப் போய் ராசியில்லாதவர் என்று சொல்லாதீர்கள், பாவம்.

9-1 என்று பின்தங்கினால் ஏழாவது இன்னிங்ஸிலேயே மனசு ஆறிவிடும். ஒரு ரன் வித்தியாசம், இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் நம் ஆள். தொட்டால் ரன் கிடைக்கும் ஹோம் பிளேட் அங்கிருந்து வெறும் 90 அடி. அந்த 90 அடிதான் ராத்திரி தூங்க விடாது.