சொறியாத கையில்தான் பூச்சி அதிகம்

இரவெல்லாம் சொறிந்து தூக்கம் கெட்டவர் உடம்பில் சிரங்குப் பூச்சி லட்சக்கணக்கில் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்காது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் பூச்சி மேல்தோலுக்குள் வளை தோண்டி, நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். பூச்சி, முட்டை, கழிவு எதையும் நம் உடம்பு பொறுத்துக்கொள்ளாததால் வருவதுதான் அந்த அரிப்பு.

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். விரலிடுக்கையும் மணிக்கட்டையும் நீட்டிக் காட்டி மருந்து கேட்பவர்கள் நிறைய. சிலருக்கு நாலைந்து பொரி, சிலருக்குச் சீழ் கட்டிய கை. பூச்சி ஒன்றுதான். ஆளைப் பொறுத்து நோயின் கடுமை மாறுகிறது.

ஒரு பேத்தி, பக்கவாதத்தில் படுத்திருக்கும் தன் பாட்டியின் கைகளை செல்போனில் படமெடுத்து வந்திருந்தாள். அசையும் இடது கையில் நகக் கீறல்கள், சிவந்த பொரிகள். செயலிழந்த வலது கையிலோ ஒரு கீறல்கூட இல்லை. உள்ளங்கையிலும் நகத்தடியிலும் சாம்பல் நிறத்தில் தடித்த செதில், காய்ந்த சுண்ணாம்புப் பூச்சு உரிவதைப் போல. "வயசான தோல்தானே அண்ணா, ஏதாவது எண்ணெய் தாருங்கள்" என்றாள். எண்ணெய் கொடுக்கவில்லை, பாட்டியை உடனே தோல் மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். அங்கே செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது பூச்சி குவிந்து கிடந்ததாம்.

சொறிவது அசிங்கம் என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். ஆனால் நகம் பூச்சியையும் முட்டையையும் கிள்ளி எறிகிறது. உணர்ச்சியோ அசைவோ இல்லாத கையில் அந்தத் தடை இல்லை. 1848இல் டேனியல்சன், போக் என்ற இரண்டு மருத்துவர்கள் நார்வேயில் தொழுநோயாளிகளிடம் இதே செதில் சிரங்கைக் கண்டு எழுதினார்கள். நார்வே சிரங்கு என்ற பெயர் அப்படி வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இது வரலாம். ஒரே உடம்பில் ஆயிரக்கணக்கில், சிலசமயம் லட்சக்கணக்கில் பூச்சி இருக்கும். உதிரும் செதிலிலிருந்தே வீடு முழுவதும் பரவும்.

எனக்குக் கோபம் வருவது ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் மேல்தான். படர்தாமரைக்கு வாங்கிய டியூபை வீட்டில் எல்லா அரிப்புக்கும் பூசுகிறார்கள். அரிப்பு அடங்கிவிடும், பூச்சி பெருகும். மாதம் கழித்து உருமாறி வரும் சிரங்கை டாக்டராலும் சட்டென்று அடையாளம் காண முடியாது. சீட்டு இல்லாமல் அதைக் கேட்பவர்களிடம் நான் நல்ல பெயர் வாங்கியதில்லை.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் மீனவர்கள் வாரக்கணக்கில் அடுத்தடுத்துப் படுத்து உறங்குகிறார்கள். நல்ல தண்ணீரோ அளந்து செலவாகும். முதல்முறை தொற்றினால் அரிக்கத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முன்பு வந்தவருக்கு மறுபடி தொற்றினால் ஓரிரு நாளில் அரிக்கும். ஆகவே முதலில் சொறிபவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர் விசாரணைகளில் பழி எப்போதும் மருமகளின் தாய்வீட்டுக்குப் போகும். கணவனின் படகுக்குப் போவதில்லை.

துணி அவிப்பதில் மட்டும் யாரும் குறை வைப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஷெஃபீல்டில் கென்னத் மெலன்பி என்ற ஆய்வாளர், நோயாளிகள் பயன்படுத்திய உள்ளாடைகளையும் போர்வைகளையும் தொண்டர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். மிகச் சிலருக்கே தொற்றியது. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தவர்களுக்கோ எளிதில் தொற்றியது. சாதாரணச் சிரங்கில் பூச்சி, உடம்பை விட்டு இறங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், போதும். அந்த மெனக்கேட்டைக் களிம்பு பூசுவதில் காட்டுங்கள்: ஐந்து சதவீத பெர்மெத்ரின், கழுத்திலிருந்து பாதம் வரை, தொப்புள், நகத்தடி உட்பட, இரவு முழுவதும். வீட்டில் அரிக்காதவர்களும் அதே இரவில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள். செதில் சிரங்குக்கு இது போதாது. ஐவர்மெக்டின் மாத்திரையும் பலமுறை வேண்டியிருக்கும். அது மருத்துவர் பொறுப்பு.

பிள்ளைகளின் சீழ்ப்புண்ணைச் சாதாரணமாக விடாதீர்கள். கீறல் வழியாக நுழையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முகம் வீங்கி, சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் என் கடைக்கு வர வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும்; செத்த உடல்கள் தோலோடு உதிரும்வரை அப்படித்தான். "மருந்து போலி" என்று சண்டைக்கு வருபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். புதுப் பொரி இல்லையென்றால் மூன்றாவது டியூபை நான் விற்பதில்லை, எவ்வளவு திட்டினாலும்.