மச்சான் சிலிண்டர்

மணல்ல இறங்கும்போது எல்லாரும் வீரர்கள்தான். வண்டி புதையாம இருக்க, 35 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துல இருக்கற டயரை 18-க்கு இறக்க என்ன பெரிய வித்தை வேணும்? வால்வு நடுவுல குச்சியை வெச்சு அமுக்கினா உஸ்ஸுன்னு இறங்கிடும். திரும்பத் தார் ரோட்டுல ஏறற இடத்துலதான் அவனவன் யோக்கியதை தெரியும். காத்து இல்லாம வேகமா ஓட்டினா டயரோட பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடாகிக் கிழியும்னு எல்லாருக்கும் தெரியும். அடிக்கறது யாருங்கறதுதான் பஞ்சாயத்து.

என் மச்சான், அதாவது வீட்டம்மாவோட அண்ணன், ஒருத்தர் இருக்கார். காத்தடிக்கற என் பன்னெண்டு வோல்ட் கம்ப்ரஸரைப் பார்த்து, "மாப்ள, இது ஊதி முடிக்கறதுக்குள்ள டயர் தேஞ்சிடும்"னு சொன்ன மனுஷன். இந்தத் தடவை டயருக்கு அடிக்க கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோட வந்து இறங்கினார். கூடவே மடக்கு நாற்காலி. டயருக்கு ஒரு நிமிஷம் சொச்சம், அவ்ளோதான். அழுத்தத்தைக் குறைச்சு விடற ரெகுலேட்டர் மேல வெள்ளையா பனி பூத்துடுச்சு. சித்தப்பா அதைச் சுரண்டி நெத்தியில தேச்சுக்கிட்டு, "வெயிலுக்கு இதமா இருக்குடா"ன்னார்.

"மீட்டர் முள்ளைப் பாருங்க மாப்ள, அசையவே இல்ல. ஊருக்கே அடிக்கலாம்."

அசையாதுதான். உள்ளே இருக்கறது திரவம். அது மிச்சம் இருக்கற வரைக்கும் ஆவியாகி ஆவியாகி அழுத்தத்தை ஈடுகட்டிக்கிட்டே இருக்கும். 20 டிகிரியில நிறைஞ்ச சிலிண்டர்லயும் அழுத்தம் 57 பார்தான் (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு), தீரப்போற சிலிண்டர்லயும் அதே 57தான். மிச்சம் எவ்ளோன்னு தெரியணும்னா தராசுல வெச்சு நிறுக்கணும். நான் சொன்னேன். "வயித்தெரிச்சல்"னு முடிச்சுட்டார். வாங்கின நாள்லேருந்து வீட்டுக்கு வர்றவங்க சைக்கிள், பசங்களோட ரப்பர் படகுன்னு ஊதிக் காட்டியே பாதி சிலிண்டரைக் கரைச்ச கதை என் வீட்டம்மாவுக்குத் தெரியும். அண்ணனாச்சே, வாயைத் திறக்கல.

தன் வண்டி, சித்தப்பா வண்டி எல்லாம் முடிச்சுட்டு, முன்பின் தெரியாதவங்களையும் கைதட்டிக் கூப்பிட்டுத் தானம் பண்ணார். அதுல ஒருத்தரோட மூணாவது டயர்ல, 24-ல, முள் பொத்துன்னு படுத்துடுச்சு. சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். அப்புறம் மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்புச்சு.

நம்ம கம்ப்ரஸரை சிகரெட் லைட்டர்ல சொருக முடியாது, ஃப்யூஸ் போயிடும். பேட்டரியிலேயே கிளிப்பை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு அடிக்கணும். அது மணல்ல நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து போகும், நான் பின்னாலேயே போகணும். கழட்டும்போது பித்தளை முனை விரலைச் சுடும். மச்சான் நாற்காலியில உக்காந்தபடியே, "35 வந்துடுச்சு, நிறுத்துங்க"ன்னு கத்துவார். ஓடும்போது மீட்டர் கூடத்தான் காட்டும். நிறுத்திப் பார்த்தா 31. மறுபடி மாட்டு.

ரெண்டாவது வண்டி பாதியில சூடு தாங்காம அதுவே நின்னுடுச்சு. ஆறினாத்தான் மறுபடி ஓடும். கூட்டத்துல ஒருத்தர் என்னைப் பார்த்து, "நல்லதா ஒண்ணு வாங்கியிருக்கலாமே சார்"ங்கறார். அவர் வண்டியில ஒரு ஊதல் கூடக் கிடையாது!

சித்தப்பா மட்டும் பேசாம டிக்கியிலேருந்து கால் பம்ப்பை எடுத்து அந்த ஆளோட டயர்ல மாட்டி மிதிக்க ஆரம்பிச்சார். ஆபரேஷன் பண்ணின முட்டி. மச்சான் எழுந்து போய், "நகருங்க சித்தப்பா"ன்னு வாங்கி மிதிச்சார். சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு. கம்ப்ரஸர் ஆறி நான் கூப்பிட்ட பிறகும் நிறுத்தல. அந்த டயரை முடிச்சுட்டுத்தான் வந்தார்.

நாற்காலியில நான் உக்காந்துட்டேன்.

மறுநாள் காலையில போன். "மாப்ள, வீட்ல தராசு இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"எத்தனை கிலோ வரைக்கும் தாங்கும்?"

சொன்னேன்.

"சின்னது. நான் பெருசா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."