இனுக்கா இல்லாத மண்டாய்

மகனைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக 2025 ஆகஸ்டில் சிங்கப்பூர் போயிருந்தேன். விடுதி அறை கைக்கு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் தங்கியிருந்தோம். காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே "எங்கேம்மா போகலாம்?" என்று கேட்டான். பதில் அவனுக்கே தெரியும், இருந்தாலும் என் வாயால் கேட்க ஆசை.

2004 தொடக்கத்திலிருந்து 2011 வரை நாங்கள் சிங்கப்பூரின் ஈசூனில், அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய ஒரு அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. சனிக்கிழமைகளிலும் பெரும்பாலும் ஓவர்டைம். கைக்குழந்தையோடு நான்கு சுவருக்குள் உட்கார முடியாமல், மண்டாயில் இருக்கும் சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தின் ஆண்டு உறுப்பினர் அட்டை ஒன்று வாங்கிக்கொண்டேன். அன்று எங்கள் வரவுசெலவுக்கு அது பெரிய தொகை. ஆனால் அந்த அட்டையை வைத்து நான் போனது போல யாரும் போயிருக்க மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது தள்ளுவண்டி, தயிர்சாத டப்பா, குடை, மாற்றுத்துணி சகிதம் கிளம்பிவிடுவேன். என் மகன் "அம்மா"வுக்கு அப்புறம் சொல்லிப் பழகிய சொற்களில் பாதி விலங்குப் பெயர்கள்தான்.

அந்த நாளில் 171 பேருந்து பிடித்து மண்டாய் சாலையில் இறங்கி, சாலையைக் கடந்து 927-க்குக் காத்திருப்போம். இப்போது காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்தே நேராக ஒரு பேருந்து விடுகிறார்கள். குளிர்சாதன வண்டியில் சொகுசாக உட்கார்ந்து போனோம். மண்டாய் ஏரிச் சாலையில் வண்டி ஒரு பாலத்துக்கு அடியில் நுழைந்தது. மேலே மரமும் புதருமாக இருந்தது. மனிதர் நடக்கக் கட்டிய பாலம் இல்லை அது. சாலை காட்டை இரண்டாக அறுத்துவிட்டதால், இந்தப் பக்கத்து விலங்குகள் அந்தப் பக்கம் போய்வர 2019-ல் திறந்தது. எறும்புத்தின்னி, சருகுமான், கடமான் எல்லாம் அந்தக் காட்டில் தாமாகவே வாழ்பவை. கூண்டு விலங்கைப் பார்க்கப் போகிறவர்களின் தலைக்கு மேலே காட்டு விலங்குக்கு ஒரு வழி. எங்கள் காலத்தில் இல்லாத இந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நுழைவுப் பக்கம் அடையாளமே தெரியவில்லை. மண்டாய் முழுவதுமே இப்போது ஒரு பெரிய வளாகம். விலங்குத் தோட்டம், இரவு சஃபாரி, ஆற்று விலங்குகளின் ரிவர் ஒண்டர்ஸ், ஜூரோங்கிலிருந்து வந்த பறவைகள், 2025 மார்ச்சில் திறந்த ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியா, தங்குவதற்கு ஒரு சொகுசு விடுதி. எங்கே திரும்ப வேண்டும் என்று பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்த இடத்தில் வழி தேடுவது மனதுக்கு என்னவோ போல இருந்தது. உள்ளே போய் மழை மரங்களின் நிழலும் ஏரிக்காற்றும் மேலே பட்டதும்தான் சரியானது.

இந்தத் தோட்டத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1973 ஜூன் 27-ல் இது திறந்தபோது, கம்பிக் கூண்டுகளை வைக்காமல் அகழி, நீர்நிலை, செடிமறைப்பு ஆகியவற்றைக் கொண்டே விலங்கையும் மனிதரையும் பிரிக்கலாம் என்று வடிவமைத்துக் கொடுத்தவர், இலங்கையில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை நடத்திய லின் டி அல்விஸ். தொடக்கத்தில் சிக்கல் இல்லாமல் இல்லை. 1974-ல் காங்கோ என்ற நீர்யானை தப்பிப் போய்ப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் ஒன்றரை மாதம் சுகமாக இருந்திருக்கிறது. அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் மகனுக்குச் சொல்வேன். "இப்ப தண்ணிக்குள்ள இருக்கா?" என்று ஏரியை எட்டிப் பார்ப்பான். இந்த முறை அந்த இடம் வந்ததும் அவனே "காங்கோ தெரியுதான்னு பாரும்மா" என்றான். குரல்தான் மாறியிருந்தது.

முதலில் ஆ மெங்கைப் பார்க்கப் போனோம். ஆ மெங் சுமத்ராவைச் சேர்ந்த பெண் ஓராங் ஊத்தான். யாரோ வீட்டில் வளர்த்துவந்ததை 1971-ல் மீட்டுக் கொண்டுவந்தார்கள். பிறகு அதுதான் சிங்கப்பூரின் முகம் போல ஆகிவிட்டது. அதோடு காலை உணவு சாப்பிட உலகத்தின் எந்த மூலையிலிருந்தெல்லாமோ வந்தார்கள். தொடக்கத்திலிருந்து அதை வளர்த்தவர் அழகப்பசாமி செல்லையா. நம் தமிழர். இந்தப் பெயரை முதன்முதலில் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. 2008 பிப்ரவரி 8 அன்று ஆ மெங் இறந்தது. அடுத்து நடந்த அஞ்சலிக்கு சுமார் 4,000 பேர் வந்தார்கள். ஒரு வயது மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். ஒரு குரங்குக்கு இத்தனை பேரா என்று ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் நின்ற வயதான சீன அம்மா ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன். ஆ மெங்கைப் புதைத்த இடத்தில் அதற்குப் பிடித்த டுரியான் கன்று ஒன்றை நட்டார்கள்.

இப்போதும் ஓர் ஆ மெங் இருக்கிறது. பேத்தி. பிறக்கும்போது வைத்த பெயர் இஷ்டா. 2016-ல் பாட்டியின் பெயரைச் சூட்டினார்கள். நம் வீடுகளில் பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்பது போலத்தான். எனக்கென்னவோ இஷ்டா என்று கூப்பிடுவதே இஷ்டமாக இருக்கிறது. நாங்கள் போனபோது தலைக்கு மேலே கயிறுகளில் நான்கைந்து ஓராங் ஊத்தான்கள் போய்க்கொண்டிருந்தன. எது இஷ்டா என்று ஒரு பணியாளரிடம் கேட்டேன். காட்டினார். கயிற்றில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு எங்களை நிதானமாகப் பார்த்தது. ஆ மெங்கும் இப்படித்தான் அவசரமே இல்லாமல் பார்க்கும்.

அடுத்து எங்கே என்று இருவருமே பேசவில்லை. கால் தானாகப் போயிற்று.

இனுக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990 டிசம்பர் 26-ல் இங்கே பிறந்த பனிக்கரடி அது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. அப்பா நானூக், அம்மா ஷீபா. நான் சிங்கப்பூருக்கு வந்த புதிதில், 2004-ல், தாயும் மகனும் பச்சையாக இருந்தார்கள். உண்மையாகவே பச்சை. பனிக்கரடியின் முடி உள்ளே வெறுமையாக, குழாய் போல இருக்கும். இங்கத்திய வெக்கையிலும் ஈரத்திலும் அந்தக் குழாய்க்குள் பாசி வளர்ந்துவிட்டது. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்க வைத்தார்கள். ஊரிலிருந்து வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத எனக்கு, பாசி பிடித்த அந்தக் கரடியைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. பொருந்தாத இடத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியும்.

அப்புறம் அதுவே எங்கள் சனிக்கிழமை ஆகிவிட்டது. தண்ணீருக்குள் நீந்துவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்க ஓர் இருட்டுக் கூடம் இருந்தது. மகன் இனுக்காவை "ஐஸ் கரடி" என்பான். கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பான். ஐந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அந்த உடம்பு, ஒரு கையால் சுவரை உந்திக்கொண்டு மல்லாந்து திரும்பி எங்களுக்கு நேராக வரும். கண்ணாடி ஆவி படிந்து போகும் வரை பார்ப்போம். ஆனால் சில நாள் அது தண்ணீருக்குள் இறங்காது. மேலே ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கும். ஏழெட்டு அடி, திரும்பு, மறுபடி ஏழெட்டு அடி. அது விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது. மகனிடம் சொன்னதில்லை.

2006-ல் உள்ளூர் விலங்கு நல அமைப்பான அக்ரெஸ் இந்தக் கரடிகளின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நிறையப் பேசினார்கள். இனி துருவ விலங்குகளைக் கொண்டுவருவதில்லை என்று தோட்டமும் முடிவெடுத்தது. இனுக்காவைக் குளிர்நாட்டுக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் வந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊர்தானே, இந்த வயதில் அம்மாவைவிட்டுப் பிரிந்து எங்கே போகும் என்று கடைசியில் இங்கேயே வைத்துக்கொண்டார்கள். 2012-ல் ஷீபா 35 வயதில் இறந்தது. 2013-ல் இனுக்காவுக்குக் குளிரூட்டிய புது இடம் கட்டினார்கள். பழையதைவிட நான்கு மடங்கு பெரியது. நாங்கள் அதற்குள் திருச்சிக்கு வந்துவிட்டோம். அந்த வீட்டில் அதை நான் பார்க்கவே இல்லை.

2018 ஏப்ரல் 25. மூட்டு தேய்ந்து, காதிலும் பல்லிலும் தொற்று வந்து, 27 வயதில் நடக்கவே கஷ்டப்பட்ட இனுக்காவை மயக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம் என்று மருத்துவர்கள் முடிவுசெய்தார்கள். செய்தியை நான் கைபேசியில் பார்த்தேன். மகனுக்குப் பதினொரு வயது. சொல்லாமல் இருக்கலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கப் போகும்போது மட்டும் "அது ஐஸ் பாத்ததே இல்லைல்ல?" என்று கேட்டான். கடலில் மிதக்கும் பனியைத்தான் கேட்கிறான் என்று புரிந்தது. இல்லை என்றேன்.

இனுக்கா கடைசி ஐந்து ஆண்டு இருந்த அந்த இடத்தின் முன்னால் இப்போது நின்றோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு மனம் போகவில்லை. மகன்தான் பார்த்துவிட்டு வந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் மகன் வளர்ந்த காலத்தின் பெரிய சந்தோஷம் அது. இனி எந்தக் குழந்தைக்கும் இங்கே அது கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. இதை முழு மனதோடுதான் எழுதுகிறேன். இத்தனை ஆண்டில் இந்தத் தோட்டம் செய்த மாற்றங்களில் இன்னொரு பனிக்கரடியைக் கொண்டுவராமல் இருந்ததுதான் மிக நல்ல காரியம். அதற்காக அழாமல் இருக்க முடியுமா என்ன?

அந்த யோசனையோடே இருந்ததால் ரிவர் ஒண்டர்ஸில் பாண்டாவைப் பார்த்தபோது முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. காய் காயும் ஜியா ஜியாவும் 2012-ல் சீனாவிலிருந்து கடனாக வந்தவை. 2021-ல் பிறந்த குட்டி லெ லெ 2024 ஜனவரியில் சீனாவுக்குப் போய்விட்டது. குளிரூட்டிய கூடத்தில் ஒன்று மூங்கிலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அழகுதான். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் குளிரூட்டும் இயந்திரத்தின் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

என் மனசுக்கு நிறைவாக இருந்தது நீளமூக்குக் குரங்குகள். போர்னியோ தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதவை. ஆணின் மூக்கு வாய்க்கும் கீழே தொங்கும். இலை செரிப்பதற்கென்றே பல அறை கொண்ட வயிறு. நன்றாகப் பழுத்த இனிப்புப் பழம் தின்றால் வயிறு உப்பிவிடும் என்பதால், பார்த்துப் பார்த்துத்தான் தீனி போட வேண்டும். இந்த வெக்கை, இந்த ஈரம், இந்த மரம் எல்லாம் அதற்குச் சொந்த ஊர் போலத்தான். ஒரு தாய் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது. இருபது நிமிடம் அங்கேயே நின்றோம். பாம்புகள் 2017-ல் திறந்த ரெப்டோபியா என்ற புதுக் கூடத்தில் இருந்தன. அதை வேகமாகக் கடந்தேன், பாம்பென்றால் எனக்கு இன்றும் நடுக்கம். பபூன்கள் மட்டும் அதே பாறை, அதே சண்டை, கொஞ்சம்கூட மாறவில்லை.

மறுநாள் பறவைகளுக்கு ஒதுக்கினோம். ஜூரோங் பறவைப் பூங்கா 1971 ஜனவரி 3-ல் திறந்து, சரியாக 52 ஆண்டு கழித்து 2023 ஜனவரி 3-ல் மூடப்பட்டது. அங்கே சுற்றிவர ஒரு குட்டி ரயில் உண்டு. மகனுக்குப் பறவையைவிட அதுதான் முக்கியம். 30 மீட்டர் அருவியின் சாரல் முகத்தில் பட நின்றது இன்னும் நினைவிருக்கிறது. 2023 மே மாதம் மண்டாயில் திறந்த பேர்ட் பேரடைஸில் அந்த ரயிலும் இல்லை, அந்த அருவியும் இல்லை. குறையாகத்தான் இருந்தது. ஆனால் பறவைக்கு இது நல்ல இடம். பெரிய பெரிய வலைக்கூடங்களுக்குள் நாம் நடந்து போகிறோம். ஆசியப் பறவைகளின் கூடத்தில் பாலித் தீவின் படிக்கட்டு வயல் போல அமைத்திருக்கிறார்கள். வயல் வரப்பில் பறவையைப் பார்த்ததும் நான் காவிரிக்கரைக்கே போய்விட்டேன். ஒரு இருவாச்சி தலைக்கு மேலே பறந்தது. சிறகடிக்கும் சத்தம் ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போல இருந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இருவாச்சியிடம் இந்தச் சத்தத்தைக் கேட்கவே முடியாது.

மூன்றாம் நாள் விடுதி அறை கிடைத்தது. மகனை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நான் திருச்சி வந்து சேர்ந்த முதல் சனிக்கிழமை, மதியம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. நல்ல மழை. மரக்கிளையில் ஓர் ஓராங் ஊத்தான் சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே எழுதியிருந்தான்: "இஷ்டா. குடை எடுத்துட்டு வரல, நானும் இங்கதான் நனைஞ்சிட்டு நிக்கறேன்."