சாக்கு

“சாக்பீஸைப் பத்திக் கேட்டா சாக்கு சொல்லக் கூடாதும்மா.”

நான் சொன்னது இவ்வளவுதான். மைக்கில் சொன்னேன். மொத்தக் கூட்டமும் சிரித்தது, ஹெச்.எம். சிரித்தார், மேடையில் இருந்த மற்ற நாலு அணிகளும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தன. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவள் சிரித்தாள் என்பதை ரொம்ப நாள் எனக்குச் சாதகமான சாட்சியாக வைத்திருந்தேன். மனசு நொந்திருந்தால் சிரித்திருப்பாளா? ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடமே தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்காமல் வேறு என்னதான் செய்யும்?

முதலில் இருந்து சொல்கிறேன். குழந்தைகள் தின வினாடி வினா. வழக்கமாக நதி, தலைநகரம், நோபல் பரிசு என்று ஓடும். போன வருஷம் நானாக ஒரு மாற்றம் செய்தேன். ‘ஒரு மாணவரின் ஒரு நாள்’ என்று தலைப்பு வைத்து, காலைப் பிரார்த்தனையில் ஆரம்பித்து சாயங்கால மணி வரை ஒரு பிள்ளை பள்ளியில் பார்க்கிற, தொடுகிற, தின்கிற விஷயங்களில் இருந்தே 40 கேள்விகள். யோசனை என்னுடையது என்பதில் இப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. நன்றாகத்தான் போனது. தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாட 55 விநாடி, தேசிய கீதத்துக்கு 52. இந்த மூன்று விநாடியில் இரண்டு அணிகள் வழுக்கி விழுந்தன. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் இல்லை, கிராஃபைட், அது நம் மாநிலத்தில் எங்கே கிடைக்கிறது என்று கேட்டபோது கேள்வி முடிவதற்குள் ஒரு பையன் “சிவகங்கை” என்று கத்தினான், அவன் அம்மா ஊராம்.

அப்புறம் மணி பற்றிய கேள்வி. மணி வார்க்கிற வெண்கலத்தில் கலந்திருக்கும் இரண்டு உலோகங்கள் எவை? செம்பு, வெள்ளீயம். ஒரு பையன் எழுந்து நின்று, “நம்ம ஸ்கூல் மணி தண்டவாளத் துண்டு சார், வெறும் இரும்பு” என்றான். ஒரே ஆரவாரம். “அப்ப உனக்கு ரயில்வேலதான் வேலை” என்றேன். இன்னும் பெரிய ஆரவாரம். இப்போது யோசித்தால் வினை அங்கேதான் ஆரம்பித்தது என்று தோன்றுகிறது. இருபது வருஷமாக வகுப்பில் யாரும் சிரிக்காத வரலாற்றைச் சொல்லிக் கொடுக்கிற ஆளுக்கு, ஒரு வரியில் பள்ளிக்கூடமே சிரிக்கிறது என்றால் வாய் சும்மா இருக்குமா? அடுத்த சிரிப்பு எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

பதினேழாவது கேள்வி. “ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸின் வேதிப்பெயர் என்ன?”

மூன்றாம் அணி. அந்தப் பெண் பக்கத்தில் இருந்த பிள்ளைகளைக் கலந்துகொள்ளக்கூட இல்லை. “கால்சியம் சல்பேட் சார்.”

என் கையில் இருந்த தாளில் கால்சியம் கார்பனேட் என்று இருந்தது. ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் இருந்து எடுத்தது. “தவறு, அடுத்த அணி” என்றேன். அடுத்த அணி தாளில் இருந்ததைச் சொன்னது. ஐந்து மதிப்பெண். அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான், ஆனால் அவள் உட்காரவில்லை.

“சார், சாக்குல அப்படித்தான் சார் போட்டிருக்கு.”

“எந்த சாக்குல?”

“சாக்பீஸ் செய்யற பவுடர் வர்ற சாக்குல சார். அம்மா அந்த வேலைதான் செய்யறாங்க.”

அப்போதுதான் அதைச் சொன்னேன். சாக்பீஸ், சாக்கு. வாயில் தானாக வந்து விழுந்தது. அதை எதிர்த்து ஒரு விநாடி யோசித்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ‘அந்த சாக்குல வேற என்னம்மா போட்டிருக்கு?’ என்று கேட்டிருக்கலாம். ஹெச்.எம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவியல் டீச்சரைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து பதினெட்டாவது கேள்விக்குப் போனேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். வினாடி வினா நடத்தியவர்களுக்குத் தெரியும், ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’ என்ற ஒரு வரி இல்லாவிட்டால் அது சந்தைக்கடை ஆகிவிடும். ஒரு அணிக்கு விட்டுக்கொடுத்தால் ஐந்து அணியும் எழுந்து நிற்கும், பார்வையாளர்களில் இருந்து இரண்டு ஆசிரியர்களும் எழுந்து நிற்பார்கள். மேடையில் நின்றுகொண்டு ஒவ்வொரு விடையையும் ஆராய முடியாது. தாளில் இருப்பது சரி, மற்றது தவறு. பிள்ளைகளுக்கும் அது தெரியும். இப்படித்தான் அன்று ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நியாயமாகவும் பட்டது.

ஆனால் ஆறு கேள்வி கழித்து, மதிய உணவு நேரம் வந்தபோது, நான் என்ன செய்தேன்? நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு முதலில் எப்போது போடப்பட்டது என்பது கேள்வி. தாளில் காமராஜர், 1956. ஒரு பத்தாம் வகுப்புப் பையன், “1920 சார், நீதிக்கட்சி காலத்துல, சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குல இருந்த பள்ளி” என்றான். எனக்கு முகமெல்லாம் பல். பத்து மதிப்பெண் கொடுத்து, மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயரின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, அந்தச் சின்ன முயற்சிக்குப் பிறகு அதை மாநிலம் முழுக்க எடுத்துப் போனவர் காமராஜர், 1982இல் சத்துணவாக விரிவாக்கியவர் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது காலை உணவு என்று ஒரு குட்டிப் பாடமே எடுத்தேன். தாள் என்ன ஆனது, நடுவரின் தீர்ப்பு என்ன ஆனது என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் அது சரி. எனக்குத் தெரியாத விஷயம் என்பதால் அது சாக்கு.

இது உறைத்தது ஒரு வாரம் கழித்து. அறிவியல் டீச்சர் மத்தியானம் டப்பாவைத் திறந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார், “அன்னைக்கு அந்தப் பொண்ணு சொன்னதுதான் சார் சரி. பிள்ளைங்க முன்னாடி உங்களைத் திருத்தக் கூடாதுன்னு பேசாம இருந்துட்டேன்.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தில் இருக்கிறது என்றேன். அவர் வாக்குவாதம் செய்யாமல் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு கண்ணாடித் தட்டில் என் சட்டைப் பையில் இருந்த சாக்பீஸை உடைத்துப் போட்டார். இன்னொன்றில் அன்றைய சத்துணவு முட்டையின் ஓட்டை நொறுக்கிப் போட்டார். இரண்டின் மேலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு. முட்டை ஓடு சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்துக்கொண்டு பொங்கியது. அது கால்சியம் கார்பனேட், கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. சாக்பீஸ் நனைந்தது. ஓரத்தில் இரண்டு குமிழி வந்தது, அது உள்ளே இருந்த காற்று என்றார். பிறகு சும்மா கிடந்தது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் சாக் என்பது ஒரு வெள்ளைப் பாறை, சுண்ணாம்புக் கல் ஜாதி. இங்கிலாந்தில் டோவர் கடற்கரையில் சுவர் மாதிரி நிற்கிறதே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான வருஷம் படிந்து இறுகியது. அது கால்சியம் கார்பனேட். பெயர் அங்கிருந்து வந்தது, பொருள் மாறிவிட்டது. நம் வகுப்பறைகளுக்கு வரும் சாதாரண சாக்பீஸ் ஜிப்சத்தில் இருந்து வருவது. ஜிப்சத்தைச் சூடாக்கினால் அதில் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்ற மாவாகும். அதைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் நீரை உள்ளே வாங்கிக்கொண்டு மறுபடி ஜிப்சமாக இறுகிவிடும். எடுத்து வெயிலில் காய வைத்தால் சாக்பீஸ். மழைக்காலத்தில் வேலை படுத்துவிடும். கல்லில் இருந்து மாவு, மாவில் இருந்து கல், எல்லாமே கால்சியம் சல்பேட். தூசி பறக்காதது என்று விற்கிற சில வகைகளில் கார்பனேட் உண்டு என்று டீச்சர் சொன்னபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆக என் தாளும் முழுத் தப்பு இல்லை! ஆனால் அன்று என் கையில் இருந்தது அந்த வகை இல்லை.

மதிப்பெண்ணை மறுபடி கூட்டிப் பார்த்தேன். முதல் பரிசு மாறியிருக்காது. இரண்டாவது மாறியிருக்கும். இரண்டாம் பரிசு ஜாமெட்ரி பாக்ஸ், மூன்றாம் பரிசு பேனா. ஒரு ஜாமெட்ரி பாக்ஸுக்காகவா இவ்வளவு என்று மனைவி கேட்டாள். மதிப்பெண்ணில் தப்பு எல்லா ஆசிரியருக்கும் நடக்கும், திருத்திக்கொள்ளலாம். மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் “அந்தக் கேள்விக்கு இரண்டு விடையும் சரி” என்று அறிவிக்கவும் செய்தேன். இரண்டும் சரி என்றேனே தவிர, அவள் சொன்னது சரி என்று சொல்லவில்லை. சாக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த சாக்குதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. நான் வரலாறு எடுக்கிற ஆள். குடவோலை முறை எப்படித் தெரியும் என்று கேட்டால் உத்திரமேரூர்க் கல்வெட்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அதே வினாடி வினாவில் எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டைப் பற்றி ஒரு கேள்வி வைத்திருந்தேன், ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரி, 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். கல்லில் யாரோ வெட்டி வைத்ததால்தான் அந்த எண்ணிக்கை நமக்குத் தெரியும். எழுதியிருக்கிறது என்பதே ஆதாரம் என்று வருஷம் முழுக்கப் பாடம் நடத்துகிறேன். ஒரு பிள்ளை தினமும் வீட்டில் பார்க்கிற சாக்கில் எழுதியிருப்பதைப் படித்து, மனசில் வைத்து, கேள்வி வந்தபோது சரியாக எடுத்து நீட்டினால், எனக்கு அது ஜோக். ஊர் பேர் தெரியாத கல்தச்சன் எழுதினால் ஆதாரம், அம்மா தோளில் தூக்கி இறக்குகிற மூட்டை என்றால் சிரிப்பு. இப்படி எழுதும்போதே கொஞ்சம் மிகைப்படுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. அவசரத்தில் வந்த ஒரு சிலேடை, அவ்வளவுதானே? வேறொரு பிள்ளை ‘எங்க அப்பா டாக்டர், அவர் புத்தகத்துல போட்டிருக்கு’ என்று சொல்லியிருந்தாலும் இதே சிலேடையைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க முடியாது. சொல்லத் தோன்றியிருக்காது என்பதுதான் உண்மை.

அவளைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன், அது இரண்டு வாரம் கழித்து. தாழ்வாரத்தில் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். “அன்னைக்கு நீ சொன்னதுதான்மா சரி, சாருக்குத்தான் தெரியல” என்றேன். இதைச் சொல்ல வாயைத் தயார் செய்ய எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. அவள் பதறிப்போனாள்.

“ஐயோ, நான் அம்மாகிட்ட சாக்குல தப்பாப் போட்டிருக்குன்னு சொல்லிட்டேனே சார்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“சாருக்குத் தெரியாததாடி, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னாங்க சார்.”

நான் “இன்னைக்குப் போய் மாத்திச் சொல்லிடு” என்றேன். தலையாட்டினாள். சொன்னாளா என்று தெரியாது, கேட்கவில்லை.

அந்த அம்மா ஜனவரியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். கையெழுத்துப் போடும்போது விரல்களைப் பார்த்தேன். நக இடுக்கில் வெள்ளை, உள்ளங்கை ரேகைகளில் வெள்ளை, தோல் வறண்டு வெடித்திருந்தது. என் விரலிலும் வெள்ளைதான், நாலு பீரியட் எழுதியது, கை கழுவினால் போய்விடும். “நல்லாப் படிக்குதா சார்?” என்று கேட்டார். “நல்லாப் படிக்கிறா” என்றேன். பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்கள் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஹெச்.எம். பக்கத்து மேஜையில் இருந்தார், அதுவும் ஒரு காரணம். இதெல்லாம் என்னவென்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லை இன்னொரு முறை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இந்த வருஷமும் அதே தலைப்பில் வைக்கலாம் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார், போன தடவை பிள்ளைகள் ரசித்தார்களாம், சிரிக்கச் சிரிக்க நடத்தினேனாம். வெள்ளிக்கிழமைக்குள் கேள்வித்தாள் வேண்டும். முப்பத்தொன்பது கேள்வி தட்டச்சு செய்துவிட்டேன். சாக்பீஸ் கேள்வியை முதலில் எடுத்தேன், பிறகு திரும்பப் போட்டேன். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, அவர்கள் வகுப்பு அணிக்குத் தலைவி. அந்தக் கேள்வி அவள் அணிக்கு வருகிற மாதிரி வரிசையை மாற்றி வைக்கலாமா என்று நேற்று ராத்திரி வரிசை எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அது திருத்தமா, இன்னொரு மோசடியா? விடைக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.