473-க்குப் பதில் 472

டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் ஒன்றை, அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல் சுற்றை, பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் கட்டியிருந்தேன். டிரைவ் குமிழை முழுக்கத் திருகியும் தடித்த தந்தியில் கரகரப்பே இல்லை. ஐசியை மாற்றினேன், அலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பை உண்டாக்கும் டையோடுகளைக் கழற்றி மாட்டினேன். இரண்டு மாலைகள் போனபின் பார்த்தால், 473 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 472. மூன்றாம் இலக்கம் எத்தனை சுழியம் என்பதைச் சொல்கிறது, பிகோஃபாரடில். அதாவது 47 நானோஃபாரடுக்குப் பதில் 4.7.

அதுவரை கெப்பாசிட்டரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனுடன் ஜோடி சேரும் ரெசிஸ்டரைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு குறுக்கு வழி: கிலோ ஓமையும் மைக்ரோஃபாரடையும் பெருக்கி, 159-ஐ அதால் வகுத்தால் வெட்டு அதிர்வெண் ஹெர்ட்ஸில் வரும். அந்தச் சுற்றில் 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோவும், விடை 720. அதற்குக் கீழே போகப்போகப் பெருக்கம் குறையும். என் 472 அதை 7200-க்குத் தூக்கிவிட்டது. தடித்த தந்தியின் அடிச்சுரம் 82 ஹெர்ட்ஸ். டையோடைத் தொடும் அளவுக்கு அது எங்கே பெருகும்!

அப்புறம்தான் வேடிக்கை. அதே சுற்றில் டையோடுகளுக்குப் பிறகு 1 கிலோ ஓமும் 0.22 மைக்ரோவும் வருகின்றன. கணக்குப் போட்டால் இதுவும் ஏறக்குறைய 720. ஆனால் வேலை நேர் எதிர்: இது 720-க்கு மேலே உள்ளதைக் குறைக்கிறது. முன்னால் பேஸைக் குறைப்பது பல தந்திகளைச் சேர்த்து கார்டு அடிக்கும்போது ஒலி கூழாகாமல் இருக்க. பின்னால் டிரெபிளைக் குறைப்பது டையோடுகள் உண்டாக்கிய சீறலை அடக்க. எனவே சுற்றுப்படம் கையில் கிடைத்ததும் டையோடுகளை முதலில் தேடுங்கள். ஒரு கெப்பாசிட்டர் அவற்றுக்கு முன்னா பின்னா என்று தெரிந்தால் பாதி புரிந்த மாதிரி.

கெப்பாசிட்டர் பிலிம் வகையா செராமிக் வகையா என்ற சண்டையில் தொடக்கத்திலேயே இறங்காதீர்கள். மதிப்பை மாற்றினால் கேட்கும் வித்தியாசத்துக்கு முன் அது சின்ன விஷயம். சால்டர் செய்யாமல் ஒரு சாக்கெட் வைத்து, அந்த 47 நானோ இடத்தில் 22, 100 என்று மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கணக்கை முதலில் எழுதிவிட்டு வாசிக்க வேண்டும். 100 போட்டால் 340 ஹெர்ட்ஸ். ஒற்றைத் தந்தியில் சுகமாக இருக்கும், முழு கார்டு அடித்ததும் குழம்பும். 22 போட்டால் 1540. என் காதுக்கு அது ரொம்ப மெலிவு, ஆனால் பேஸ் தூக்கலான ஆம்ப் வைத்திருப்பவருக்குப் பிடிக்கலாம்.